போக்குவரத்து அபராதம் வந்தால்: இத்தாலியில் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

இத்தாலியில் வாடகைக் கார் எடுத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன்பே இந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு விழும் அபராதங்களில் பல கேமரா எழுதுபவை. யாரும் கைகாட்டி நிறுத்த மாட்டார்கள். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துக் கடிதம் வரும்போதுதான் விஷயமே தெரியும். மற்ற நேரங்களில் அதிகாரி நேரிலேயே நிறுத்துவார்.

இரண்டு சூழலிலும் வாதாடும் அளவுக்கு இத்தாலியம் தேவையில்லை. என்ன குற்றம், எத்தனை யூரோ, எந்தத் தேதிக்குள், எங்கே கட்டுவது என்ற நான்கையும் கேட்கத் தெரிய வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கத் தெரிய வேண்டும். இந்த அத்தியாயத்தின் வாக்கியங்கள் எல்லாம் அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

## முதலில்: எப்படி உச்சரிப்பது

இத்தாலிய ஒலிகள் தமிழ் நாவுக்குச் சிரமம் தருபவை அல்ல. இங்கே கையாளும் முறை இது:

1. 3 என்ற சிற்றெண்: சுலோகப் புத்தகங்களில் உள்ள அதே முறை. ப³ என்றால் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலி, க³ என்றால் ‘கங்கை’யின் முதல் ஒலி, த³ என்றால் ‘தயவு’ என்பதன் முதல் ஒலி.
2. எண் இல்லாவிட்டால் வல்லோசை: சொல்லின் நடுவில் வந்தாலும் ‘கல்’, ‘தலை’, ‘பல்’ என்பவற்றின் முதலெழுத்துப் போலவே அழுத்திச் சொல்லுங்கள்.
3. நெடில் வரும் இடமே அழுத்தம்: ‘பதேன்தெ’ என்பதில் ‘தே’ மீது அழுத்தம். கடைசி உயிரை விழுங்காமல் குறிலாகச் சொல்லி முடியுங்கள்.
4. ச எப்போதும் ‘அச்சம்’ என்பதில் வரும் ஒலி. மென்மையான ஒலிக்கு ஸ எழுதியிருக்கிறோம்.
5. இரட்டித்த மெய்யை இரட்டித்தே சொல்லுங்கள். ‘பத்து’, ‘பள்ளம்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும்.

எல்லா வாக்கியங்களும் மரியாதை வடிவில் உள்ளன. அதிகாரியிடம் அப்படியே சொல்லலாம்.

## கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

- உங்கள் நாட்டு ஓட்டுநர் உரிமம். அதனுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு. இந்தியாவில் இதை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது, ஓராண்டு செல்லும். இரண்டும் சேர்ந்தே கையில் இருக்க வேண்டும்.
- பாஸ்போர்ட்.
- வாடகை ஒப்பந்தம், காரின் பதிவுத் தாள்.
- பிரதிபலிக்கும் மேலங்கி, முக்கோணப் பலகை. காரை எடுக்கும்போதே இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலங்கி டிக்கியில் இருந்தால் எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

பொதுவான தவறு: உரிமத்தின் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தால் போதும் என்று நினைப்பது. அசல் தாளைத்தான் கேட்பார்கள்.

## அதிகாரி நிறுத்தினால்

நிறுத்துபவர் நகராட்சிக் காவலராக இருக்கலாம். நெடுஞ்சாலைக் காவலராகவோ, கராபினியேரி எனும் இராணுவக் காவல்படையைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். சிவப்பும் வெள்ளையும் கலந்த வட்டத் தலையுள்ள கைத்தடியைக் காட்டுவார்கள். அதைக் கண்டதும் செய்ய வேண்டியவை:

1. சிக்னல் போட்டு, வலப்புறம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.
2. எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். கைகள் ஸ்டியரிங் மீது இருக்கட்டும்.
3. இறங்கச் சொல்லாமல் இறங்காதீர்கள். நெடுஞ்சாலையில் இறங்க நேர்ந்தால் மேலங்கியைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.
4. முதலில் வணக்கம். பகலில் பு³வொன்ஜோர்னொ, மாலையில் பு³வொனஸேர.
5. கேட்ட தாள்களை மட்டும் கொடுங்கள்.

அவர் சொல்லக்கூடியவை:

- அக்கோஸ்தி: ஓரம் கட்டுங்கள்.
- ஸ்பேங்க³ இல் மொதோரெ: எஞ்சினை அணையுங்கள்.
- பதேன்தெ எ லிப்³ரேத்தொ: உரிமமும் பதிவுத் தாளும். மிக அதிகமாகக் காதில் விழப்போவது இதுதான்.
- ஷேந்த³ தா³ல்ல மாக்கின: காரிலிருந்து இறங்குங்கள்.
- ஸோஃப்ஃபி குவி: இங்கே ஊதுங்கள். மதுச் சோதனை. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரைதான் அனுமதி. உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் இல்லை.
- ஃபீர்மி குவி: இங்கே கையெழுத்திடுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியவை:

- எனக்கு இத்தாலியம் தெரியாது: நொன் பார்லொ இதல்யானொ.
- ஆங்கிலம் பேசுவீர்களா?: பார்ல இங்க்³லேஸெ?
- மெதுவாகச் சொல்லுங்கள்: ப்யூ லென்தமேன்தெ, பெர் ஃபவோரெ.
- இது வாடகைக் கார்: எ ஊன மாக்கின அ நொலேஜ்ஜொ.
- இதோ சர்வதேச அனுமதிச் சீட்டு: ஏக்கொ ல பதேன்தெ இன்தெர்னத்ஸியொனாலெ.

## அபராதம் எழுதுகிறார் என்று தெரிந்ததும்

கீழ்க்கண்ட வரிசையிலேயே கேளுங்கள்.

1. என்ன விதிமீறல்?: குவால் எ லின்ஃப்ரத்ஸியோனெ?
2. எவ்வளவு கட்ட வேண்டும்?: குவான்தொ தே³வொ பகா³ரெ?
3. (5 நாளுக்குள் கட்டினால் கிடைக்கும்) 30 சதவீதத் தள்ளுபடி உண்டா?: சே லொ ஸ்கோன்தொ தெ³ல் த்ரேன்த பெர் சேன்தொ?
4. எத்தனை நாளுக்குள்?: ஏன்த்ரொ குவான்தி ஜோர்னி?
5. எங்கே கட்டலாம்?: தோ³வெ போஸ்ஸொ பகா³ரெ?
6. எழுதித் தருவீர்களா?: ப்வோ ஸ்க்ரீவெர்லொ, பெர் ஃபவோரெ?
7. அபராத அறிக்கையின் பிரதி வேண்டும்: போஸ்ஸொ அவேரெ இல் வெர்பா³லெ?

பேச்சு வழக்கில் அபராதத்துக்கு மூல்த என்பார்கள். அதிகாரப்பூர்வ அறிக்கையின் பெயர் வெர்பா³லெ. கைக்கு வர வேண்டியது இந்த வெர்பா³லெதான்.

அதில் ஓட்டுநர் சொல்வதைப் பதிவு செய்ய ஓர் இடம் உண்டு. ‘ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்று கேட்பார்கள். பதற்றத்தில் ‘பலகையைப் பார்க்கவில்லை’ என்று சொன்னால் அது அப்படியே பதிவாகி, பிறகு மேல்முறையீடு செய்ய நினைத்தால் உங்களுக்கே எதிராக நிற்கும். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் நூல்ல த³ தி³க்யராரெ என்று முடித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: அதிகாரியிடம் குரலை உயர்த்தி அவமதிப்பது இத்தாலியில் குற்றவியல் வழக்காகலாம். ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று பணத்தை நீட்டுவது அதைவிட மோசம். லஞ்ச முயற்சியாகவே கருதப்படும். ரசீதுக்கு உரிய தொகை தவிர வேறு பணம் கையிலிருந்து வெளிவரக் கூடாது.

### உடனே கட்டச் சொன்னால்

இத்தாலியப் பதிவெண் உள்ள வாடகைக் கார் என்றால், வெர்பா³லெயை வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாம். அதிகாரியிடம் அட்டை இயந்திரம் இருந்தால் அங்கேயே கட்டவும் முடியும். பிரான்சிலோ சுவிட்சர்லாந்திலோ எடுத்த, வெளிநாட்டுப் பதிவெண் உள்ள காருக்கு விதி வேறு. அங்கேயே கட்ட வேண்டும், அல்லது பிணைத்தொகை வைக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், பணம் வரும்வரை, அதிகபட்சம் 60 நாள், காரை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

- அட்டையில் கட்டலாமா?: போஸ்ஸொ பகா³ரெ கொன் ல கார்த?
- ரசீது கொடுங்கள்: ல ரிசெவூத, பெர் ஃபவோரெ.

சீருடை இல்லாத ஒருவர் ரொக்கம் கேட்டு, தாள் தர மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். கதவைத் திறக்காமல் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

## அபராதம் விழும் நான்கு இடங்கள்

### 1. பழைய நகரத்தின் தடைப் பகுதி

புளோரன்ஸ், ரோம், பீசா, சியேனா போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே குறித்த நேரங்களில் நுழையலாம். இதை ட்ஸோன அ த்ராஃப்ஃபிகொ லிமிதாதொ என்பார்கள். பலகையில் இசட்.டி.எல். என்ற மூன்றெழுத்தும், சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டமும் இருக்கும். நுழைவில் உள்ள கேமரா பதிவெண்ணைப் படிக்கும். வெளியே வந்து மறுபடி நுழைந்தால் இன்னொரு அபராதம்.

நுழைவில் உள்ள மின்பலகையில் இரண்டில் ஒன்று எரியும்:

- வார்கொ அத்தீவொ: கேமரா வேலை செய்கிறது, நுழையாதீர்கள்.
- வார்கொ நொன் அத்தீவொ: தடை இப்போது இல்லை; நுழையலாம்.

பொதுவான தவறு: ‘அத்தீவொ’வை ‘வழி திறந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வது. செயலில் இருப்பது தடைதான்.

விடுதி தடைப் பகுதிக்குள் இருந்தால், பல ஊர்களில் விடுதியே உங்கள் பதிவெண்ணை நகராட்சியில் பதிவு செய்ய முடியும். தானாகச் செய்துவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நுழையும் முன்பே கேளுங்கள்:

- விடுதி தடைப் பகுதியில் இருக்கிறதா?: லொதேல் எ இன் ட்ஸேத-தி-ஏல்லெ?
- பதிவெண்ணைப் பதிவு செய்ய முடியுமா?: ப்வோ ரெஜிஸ்த்ராரெ ல தார்க³?
- எழுத்தில் உறுதி தருவீர்களா?: மி தா³ ஊன கொன்ஃபேர்ம ஸ்க்ரீத்த?

மிலானின் ‘ஏரியா சி’ கட்டணம் செலுத்தி நுழையும் பகுதி. நுழைந்த பிறகு கட்ட மறந்தாலும் அதுவே அபராதம்.

### 2. வேகம்

அதிவிரைவுச் சாலையில் மணிக்கு 130 கி.மீ., மழை பெய்தால் 110. நகரத்துக்குள் பொதுவாக 50. இரண்டுக்கும் இடைப்பட்ட சாதாரணச் சாலைகளில் 90. எங்கும் பலகையில் உள்ள எண்ணே இறுதி. அளவீட்டில் 5 சதவீதம், குறைந்தது 5 கி.மீ., கழித்துத்தான் அபராதம் எழுதுவார்கள். அந்தச் சலுகையை நம்பி ஓட்டாதீர்கள்.

ஒரே இடத்தில் வேகம் பார்க்கும் கேமராவுக்கு அவுதொவேலொக்ஸ் என்று பெயர். இரு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறைக்கு தூதொர் என்று பெயர். பின்னதில், கேமராவைக் கண்டதும் பிரேக் போடுவதால் பயனில்லை.

### 3. நிறுத்துமிடம்

- வெள்ளைக் கோடு: பொதுவாக இலவசம். நேர வரம்பு இருக்கலாம்.
- நீலக் கோடு: கட்டணம். அருகில் உள்ள இயந்திரத்தில் சீட்டு எடுத்து, கண்ணாடிக்குள் தெரியும்படி வையுங்கள்.
- மஞ்சள் கோடு: மாற்றுத்திறனாளிகள், சரக்கு வண்டிகள் போன்றோருக்கு ஒதுக்கியது. நிறுத்தவே கூடாது.

பலகையில் குறுக்காக இரு சுத்தியல்கள் இருந்தால் வேலை நாள் என்று பொருள். சனிக்கிழமையும் அதில் அடங்கும். சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாள்களும்.

- இங்கே நிறுத்தலாமா?: போஸ்ஸொ பர்கெஜ்ஜாரெ குவி?
- தி³வ்யேதொ தி³ ஸோஸ்த: நிறுத்தத் தடை.
- பாஸ்ஸொ கர்ராபி³லெ: வண்டி போகும் வாசல், மறிக்காதீர்கள்.
- ரிமொத்ஸியோனெ ஃபொர்த்ஸாத: நிறுத்தினால் இழுத்துச் செல்வார்கள்.
- புலித்ஸீய ஸ்த்ராதெ³: தெருவைச் சுத்தம் செய்யும் நேரம். அருகில் உள்ள கிழமையையும் மணியையும் பாருங்கள்.

காரை இழுத்துப் போய்விட்டால்: மி ஆன்னொ ரிமோஸ்ஸொ ல மாக்கின. தொ³வே இல் தெ³போஸிதொ? (என் காரை எடுத்துப் போய்விட்டார்கள். வைத்திருக்கும் இடம் எங்கே?) அபராதத்துடன் இழுவைக் கட்டணமும், வைத்திருந்த நாள்களுக்கான கட்டணமும் சேரும். ஆகவே அன்றே போய் மீட்டுவிடுங்கள்.

### 4. சுங்கச்சாவடி

‘தேலெபாஸ்’ (தானியங்கி மின்னணுச் சுங்க முறை) என்று மட்டும் எழுதிய மஞ்சள் வழியில் நுழையாதீர்கள். தவறி நுழைந்துவிட்டால் ஒருபோதும் பின்னால் எடுக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து, கடும் தண்டனைக்கும் உரியது. உதவிப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள்:

- என்னிடம் தேலெபாஸ் இல்லை: நொன் ஒ இல் தேலெபாஸ்.
- சீட்டைத் தொலைத்துவிட்டேன்: ஒ பேர்ஸொ இல் பி³ல்யேத்தொ.

இயந்திரம் பணம் வாங்காமல் ஒரு தாளைத் தந்தால் அது ரப்போர்தொ தி³ மன்காதொ பக³மேன்தொ, அதாவது சுங்கம் கட்டவில்லை என்ற அறிக்கை. அது அபராதம் ஆகாது. 15 நாளுக்குள் கட்டிவிட்டால் கூடுதல் செலவும் இல்லை.

## ஊர் திரும்பிய பின் கடிதம் வந்தால்

வாடகைக் கார் என்றால் இரண்டு தொகைகள் தனித்தனியே வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் குழம்புபவர்கள் மிக அதிகம்.

- முதலாவது: வாடகை நிறுவனம் உங்கள் அட்டையில் எடுக்கும் தொகை. ஓட்டியவர் யார் என்ற விவரத்தைக் காவல்துறைக்குத் தந்ததற்கான சேவைக் கட்டணம் அது. அதைக் கட்டியதால் அபராதம் தீராது.
- இரண்டாவது: உண்மையான அபராதக் கடிதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்பச் சட்டம் 360 நாள் அவகாசம் தருவதால், பயணத்தை மறந்த பிறகுகூட வரலாம்.

கடிதம் வந்ததும்:

1. பெற்ற தேதியை உறையில் எழுதி, உறையையும் படமெடுங்கள். காலக்கெடு அந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும்.
2. ஒப்பிடுங்கள். பதிவெண், இடம், தேதி, நேரம் எல்லாம் வாடகை ஒப்பந்தத்தோடு பொருந்துகின்றனவா?
3. தொகைகளைப் பிரித்துப் படியுங்கள். 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். 60 நாள் வரை முழுத்தொகை. அதன்பின் ஏறக்குறைய இரு மடங்கு. உதாரணமாக, தடைப் பகுதியில் நுழைந்ததற்கான 83 யூரோ, 5 நாளுக்குள் கட்டினால் 58.10 யூரோ. அனுப்பும் செலவு தனியே சேரும். அதற்குத் தள்ளுபடி இல்லை.
4. கட்டுங்கள். கடிதத்தில் உள்ள அதிகாரப்பூர்வ வழியில் மட்டும். வங்கிப் பரிமாற்றம் என்றால், அறிக்கை எண், தேதி, பதிவெண் மூன்றையும் விவரப் பகுதியில் எழுதுங்கள்.
5. ரசீதை 5 ஆண்டு வைத்திருங்கள்.

குறிப்பு: 5 நாள் என்பது நாட்காட்டி நாள். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் சேரத் தாமதமாகலாம். கடைசி நாளுக்குக் காத்திராதீர்கள். இடையில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடித்துச் சில சென்ட் குறைந்தாலும் ஒரு பகுதியை மட்டும் கட்டியதாகவே கருதுவார்கள். எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்.

எச்சரிக்கை: அபராதம் பாக்கி என்று மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்பைத் தொடாதீர்கள். கார்க் கண்ணாடியில் செருகப்படும் தாளிலும் போலி க்யூஆர் குறியீடு இருக்கக்கூடும். அறிக்கை எண்ணையும் பதிவெண்ணையும் கொண்டு, நகராட்சியின் சொந்த இணையதளத்திலோ அலுவலகத்திலோ சரிபார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

## அலுவலகத்தில் பேச

- இந்த அபராதம் வந்தது: ஒ ரிசெவூதொ குவேஸ்த மூல்த.
- ஏற்கெனவே கட்டிவிட்டேன்: ஒ ஜா பகா³தொ.
- இதோ ரசீது: ஏக்கொ ல ரிசெவூத.
- நான் ஓட்டவில்லை: நொன் க்³விதா³வொ ஈயொ.
- புகைப்படத்தைப் பார்க்கலாமா?: போஸ்ஸொ வெதே³ரெ ல ஃபோதொ?
- மேல்முறையீடு செய்ய விரும்புகிறேன்: வொர்ரேயி ஃபாரெ ரிகோர்ஸொ.

### மேல்முறையீடு செய்யலாமா?

பதிவெண் தவறு, நீங்கள் ஏற்கெனவே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்ட தேதி, விடுதி பதிவு செய்ததற்கான எழுத்துச் சான்று: இப்படித் தாளில் காட்டக்கூடிய காரணம் இருந்தால் செய்யுங்கள். ‘தெரியாமல் நுழைந்தேன்’ என்பது செல்லாது.

1. பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும்.
2. ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று ப்ரெஃபேத்தொ எனும் மாகாண அரசு அதிகாரி: கட்டணமில்லை, ஆனால் தோற்றால் தொகை குறைந்தது இரு மடங்காகும். மற்றது ஜூதி³செ தி³ பாசெ எனும் நீதிபதி: கட்டணம் உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இரண்டிலும் 60 நாள்.
3. மனுவை இத்தாலிய மொழியில் எழுதுவியுங்கள். சான்றுகளை இணைத்து, சேர்ந்ததற்கு அத்தாட்சி தரும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

## மனப்பாடமாக இருக்க வேண்டிய ஐந்து

1. பு³வொன்ஜோர்னொ. வணக்கம்.
2. எ ஊன மாக்கின அ நொலேஜ்ஜொ. வாடகைக் கார்.
3. போஸ்ஸொ அவேரெ இல் வெர்பா³லெ? அறிக்கை வேண்டும்.
4. ஏன்த்ரொ குவான்தி ஜோர்னி? எத்தனை நாளுக்குள்?
5. ல ரிசெவூத, பெர் ஃபவோரெ. ரசீது கொடுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கைபேசியில் வையுங்கள். ஒரு பிரதியை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் காரில் வையுங்கள். வண்டி ஓட்டும்போது கைபேசியைத் தொட்டால் அதற்கே 250 யூரோவிலிருந்து அபராதம் தொடங்குகிறது, உரிமத்தையும் தற்காலிகமாக முடக்குவார்கள். அதனால் தேவைப்படும்போது பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான், அதுவும் காரை நிறுத்திய பிறகு.